சிறுநீரக வருத்தமும் நாங்களும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புத்தாண்டு ஒன்றுகூடலில் வருத்தத்தைப் பற்றிப் பேசலாமோ என்று எங்கள் செயலாளரிடம் கேட்டேன். "அண்ணை, நல்லநாள் பெருநாளிலதான் சனம் வருகுது. நீங்கள் கதையுங்கோ" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. வருடப்பிறப்பன்று தலையில் மருத்துநீர் வைத்துத் தோய்ந்துவிட்டுத்தான் புது உடுப்புப் போடுகிறோம். மருந்தோடு வருடத்தைத் தொடங்குகிற சனம் நாங்கள். ஆகவே இன்றைக்கு இதைப் பேசுவதில் பிழையில்லை.

நான் டொக்டர் இல்லை. 2019ஆம் ஆண்டு தொடக்கம் கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்கிற இரத்தச் சுத்திகரிப்புச் செய்கிற ஒரு நோயாளி. செவ்வாய், வியாழன், சனி எனது நாட்கள். நேற்றுச் சனிக்கிழமையும் நாலு மணித்தியாலம் மெசினோடு இருந்துவிட்டுத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். எனது பேரப்பிள்ளை இதை "தாத்தா வோஷிங் மெசினுக்குப் போறார்" என்று சொல்லும். அது சொல்லுவதிலும் பிழையில்லை.

முதலில் ஒரு குற்றத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் 1991இல் இலண்டனுக்கு வந்தேன். வந்த நாள் தொடக்கம் இரவு வேலை. பெற்றோல் ஸ்ரேசன், பிறகு கடை, பிறகு திரும்பவும் பெற்றோல் ஸ்ரேசன். நாற்பது வயதாகும் முன்பே சீனி வருத்தம் வந்துவிட்டது. எங்கள் ஆட்களில் சீனி வருத்தம் இல்லாதவர் யார் என்று அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 2006ஆம் ஆண்டு டொக்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எனக்கு ஆங்கிலம் போதாது. ஆகவே எனது மகளைப் பாடசாலைக்கு லீவு போட்டுவித்து மொழிபெயர்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

டொக்டர் சொல்லச் சொல்ல அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா, உங்கட கிட்னி பழுதாகத் தொடங்கீற்றுதாம். சலத்தில புரதம் போகுதாம். கவனிக்காட்டி பிறகு மெசின் வைக்கவேண்டி வருமாம்" என்றாள். குரல் நடுங்கியது. வெளியே வந்து பஸ் தரிப்பில் நிற்கும்போது நான் அவளுக்குச் சொன்ன வார்த்தை என்ன தெரியுமோ? "அம்மாவிட்ட சொல்லிப்போடாதை."

அவள் சொல்லவில்லை. பதினொரு வருடம் சொல்லவில்லை.

ஏன் மறைத்தேன்? மனைவி பயப்படுவாள் என்று ஒரு காரணம். லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று இன்னொரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு. பெண்பிள்ளை இருக்கிற வீடு. தகப்பனுக்குக் கிட்னி பழுது என்று ஊர்ச்சனத்துக்குத் தெரிந்தால், பரம்பரை வருத்தம் என்று சொல்லி நாளைக்குச் சம்பந்தம் பேச யார் வருவார்கள் என்று நினைத்தேன். இங்கே இருக்கிற கனபேருக்கு நான் சொல்வது விளங்கும். உங்களில் சிலர் இப்போது நிலத்தைப் பார்க்கிறீர்கள்.

மறைத்ததால் வந்த வினை இது. குளிசையை ஒழுங்காகப் போடவில்லை, யாரும் கேட்கவில்லை. கிளினிக்குக்குப் போகவில்லை, யாரும் கேட்கவில்லை. இரவெல்லாம் நின்று நாரி நோவுக்குக் கடையில் விற்கிற ஐபுபுரோபன் குளிசையை வாங்கி வாங்கி விழுங்கினேன். அது பழுதான சிறுநீரகத்தை மேலும் பழுதாக்கும் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் என் சிறுநீரகம் பழுது என்று ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. 2017இல் கால் வீங்கி, சாப்பாட்டைக் கண்டால் சத்தி வந்து, உடம்பெல்லாம் கடித்து நித்திரையில்லாமல் கிடந்தபோதுதான் வீட்டில் எல்லாம் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் மெசினுக்கு வந்து சேர்ந்தேன்.

சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் பொத்திய கை அளவு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லீற்றர்தான் சலமாகப் போகிறது. மிச்சத்தை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடும். கழிவு, மிதமிஞ்சிய உப்பு, மிதமிஞ்சிய தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே தள்ளும். இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய ஒரு சுரப்பையும் அதுதான் தருகிறது. அதனால்தான் இந்த வருத்தக்காரருக்கு இரத்தம் குறைந்து களைப்பு வருகிறது.

இது சத்தம் போடாத வருத்தம். முக்கால் பங்கு பழுதாகும் வரைக்கும் நோவும் இல்லை, நொடியும் இல்லை. ஆகவே நோவு வந்தால் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. சீனி வருத்தமோ பிறசரோ உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பரிசோதனை கேட்க வேண்டும். ஒன்று, சலத்தில் அல்புமின் போகிறதா என்பது. மற்றது, இரத்தத்தில் கிறியற்றினின் எவ்வளவு என்பது. அதிலிருந்து ஈ.ஜி.எவ்.ஆர். என்று ஒரு எண்ணைக் கணக்குப் பார்ப்பார்கள். அந்த எண் 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். 15க்குக் கீழே போனால் செயலிழப்பு. எனக்கு முதற் கடிதம் வந்த காலத்தை விட இன்று சிறுநீரகம் பழுதாவதைத் தாமதப்படுத்துகிற நல்ல குளிசைகள் வந்திருக்கின்றன. நேரத்தோடு கண்டால்தான் அவை பயன்படும்.

போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் இலவசமாக ஒழுங்கு செய்து தருவார்கள், ரெலிபோன் மூலமும் செய்வார்கள். உங்கள் வருத்தத்தை உங்கள் பிள்ளையின் வாயால் கேட்காதேங்கோ. அது நான் செய்த பிழை.

இனி டயாலிசிஸ். எனக்கு முதலே இடது கையில் ஒரு சத்திரசிகிச்சை செய்து நாடியையும் நாளத்தையும் இணைத்தார்கள். பிஸ்ரூலா என்று பெயர். அது தடித்து ஊசி குத்தும் பதத்துக்கு வரக் கிழமைகள் எடுக்கும். கையை வைத்துப் பார்த்தால் கிர்ரென்று அதிரும். காலையில் எழும்பியதும் சாமி கும்பிடுவதற்கு முன்பே அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். இல்லையென்றால் உடனே ஆசுப்பத்திரிக்கு அடிக்க வேண்டும். அந்தக் கையில் பிறசர் பார்க்க விடக்கூடாது, இரத்தம் எடுக்க விடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, இறுக்கமான மணிக்கூடு, காப்புப் போடக்கூடாது.

இரண்டு ஊசி குத்துவார்கள். ஒன்றால் இரத்தம் வெளியே போய், மயிர் போல மெல்லிய ஆயிரக்கணக்கான குழாய்கள் உள்ள ஒரு வடிகட்டிக்குள்ளால் ஓடி, மற்ற ஊசியால் திரும்பி வரும். அந்தக் குழாய்களுக்கு வெளியே சுத்தமாக்கிய நீர் ஓடும். நாலு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 120 லீற்றர் நீர். ஒரு ஆளின் இரத்தத்தைக் கழுவ இவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஆள் வீட்டில் குடிக்கக்கூடிய தண்ணீரோ சொற்பம். சலம் போகாதவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர் அளவு, சலம் போகிறவர்களுக்கு அதோடு போகிற அளவையும் கூட்டிக் கொடுப்பார்கள்.

தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டுமல்ல. தேத்தண்ணி தண்ணீர். சொதி தண்ணீர். கூழ் தண்ணீர். வாயில் போடும் ஐஸ்கட்டியும் தண்ணீர்தான். நான் காலையில் ஒரு போத்தலில் அன்றைய அளவை எடுத்து வைப்பேன். தேத்தண்ணி குடித்தால் அந்த அளவைப் போத்தலிலிருந்து ஊற்றிவிடுவேன். போத்தல் முடிந்தால் நாள் முடிந்தது. ஒரு லீற்றர் கூடக் குடித்தால் தராசில் ஒரு கிலோ கூட நிற்கும். அந்தத் தண்ணீர் நெஞ்சில் ஏறினால் மூச்சு முட்டும். அதை ஒரே நாளில் மெசினால் இழுத்தால் பிறசர் விழும், கெண்டைக்காலைப் பிடிக்கும். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியவற்றை விட்டபிறகுதான் எனக்குப் போத்தல் மாலை வரை தாக்குப்பிடித்தது.

இன்னொன்று பொட்டாசியம். இது கூடினால் இருதயம் முன்னறிவித்தல் இல்லாமல் நின்றுவிடும். எங்கள் வருடப்பிறப்புத் தட்டத்தைப் பாருங்கோ. வாழைப்பழம், மாம்பழம், பலாப்பழம், பக்கத்தில் இளநீர். எல்லாம் பொட்டாசியம். உருளைக்கிழங்கு, கீரை, தக்காளியும் அப்படித்தான். உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டிக் கன தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு கறி வைத்தால் குறையும். உப்புக்குப் பதிலாகக் கடையில் விற்கும் 'குறைந்த உப்பு' பலவற்றில் இருப்பது பொட்டாசியம்தான், அதைத் தொடக்கூடாது. ஐந்து விளிம்புள்ள காமரங்காய் எங்களுக்கு நஞ்சு. விக்கல் தொடங்கி, மூளை குழம்பி, வலிப்பு வந்து உயிரும் போகலாம். ஊரிலிருந்து வரும் சூரணங்களிலும் கவனம் வேண்டும். ஆடுதின்னாப்பாளை இனச் செடிகளில் உள்ள நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று நிரூபித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் அளவு வேறுபடும், ஆகவே உங்கள் ஆசுப்பத்திரியில் உணவு ஆலோசகரைக் கேட்டு நடவுங்கோ.

விருந்து வைக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஒரு வாய் குடியுங்கோ, ஒண்டும் செய்யாது" என்று வற்புறுத்துவது எங்கள் அன்பு. எனக்கு அது ஆபத்து. நோயாளியும் வெட்கப்படாமல் சொல்லவேண்டும். 2018இல் மகளின் கலியாண வீட்டில் சம்பந்தி வீட்டார் தந்த பாயாசத்தையும் சோடாவையும் மறுக்க முடியாமல் குடித்து, இரண்டு நாள் மூச்சு முட்டிக் கிடந்தேன். அவர்களுக்கும் நான் அப்போது சொல்லவில்லை. பிறகு தெரிய வந்தபோது சம்பந்தி அம்மா என்ன சொன்னா தெரியுமோ? "முதலே சொல்லியிருந்தா நாங்கள் பாயாசத்தைத் தந்திருக்கமாட்டமே அண்ணை." அவ்வளவுதான். எந்த மானம் போகும் என்று பன்னிரண்டு வருடம் பயந்தேனோ, அது ஒரு கிண்ணம் பாயாசத்தோடு முடிந்தது.

ஒரு டயாலிசிஸ் நாளையும் தவறவிடக்கூடாது. 2020இல் கொரோனாக் காலத்தில் எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொன்னபோதும் நாங்கள் வெறுந்தெருவால் ஆசுப்பத்திரிக்குப் போய்வந்தோம். கலியாணம், செத்தவீடு என்று வேறு நகரத்துக்குப் போவதானால் அங்கே ஒரு இடத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்யலாம். வேலைக்குப் போகிற இளம் ஆட்கள் வயிற்றில் ஒரு குழாய் வைத்து வீட்டிலேயே இரவில் செய்யும் முறையைப் பற்றியும் கேளுங்கோ.

அந்த நாலு மணித்தியாலத்தில் நான் வாசித்த ஒரு விசயம். இந்த மெசினை முதலில் உருவாக்கியவர் வில்லெம் கொல்ஃப் என்ற டொக்டர். இடம் நெதர்லாந்தில் கம்பன் என்ற சிறு பட்டணம். வருடம் 1943. நாடு நாசிகளின் பிடியில் இருந்தது. பொருட்கள் இல்லை. இறைச்சிக் கடையில் சொசேஜ் செய்யப் பாவிக்கும் செலஃபேன் குழாயை மர உருளையில் சுற்றித்தான் அதைச் செய்தார். முதலில் சேர்ந்த நோயாளிகள் தப்பவில்லை. 1945இல், யுத்தம் முடிந்தபின், 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். அவர் எதிரிக்குத் துணைபோனவர் என்று சிறையில் இருந்தவர். ஊர் முழுக்க வெறுத்த ஒருவரை அந்த டொக்டர் நோயாளியாக மட்டும் பார்த்தார். யுத்தத்தைக் கண்ட எங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். 1962இல் அமெரிக்காவின் சியற்றில் நகரில் மெசின்கள் போதாமல், யாருக்கு டயாலிசிஸ் கொடுப்பது, யாரைச் சாக விடுவது என்று ஒரு குழு கூடித் தீர்மானித்தது. இன்று அகதியாக வந்த எனக்கு ஒரு சதமும் வாங்காமல் செய்கிறார்கள். களைத்துப்போய்ச் சலிப்பு வரும் நாட்களில் நான் இதை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் டயாலிசிஸ் முழுப் பரிகாரம் அல்ல. மாற்றுச் சிறுநீரகம் கிடைப்பதுதான் மேல். இரத்தவகையும் திசுவும் பொருந்த வேண்டும். ஒரே இனத்தவரிடையே பொருந்தும் வாய்ப்புக் கூட. எங்கள் தெற்காசிய ஆட்களில் இந்த வருத்தம் அதிகம், தானம் செய்பவர்கள் குறைவு. அதனால் நாங்கள் கூடக் காலம் காத்திருக்கிறோம். காசு கொடுத்து வாங்குவோம் என்று யாரும் யோசிக்காதேங்கோ. அது குற்றம். 2022 தொடக்கம் வெளிநாட்டில் போய் வாங்கினாலும் இங்கே குற்றம். விற்கிறவனும் எங்களைப் போல ஒரு ஏழைதான்.

இனி எனது மகளின் கதைக்கு வருகிறேன். அவளுக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது, கையில் ஒரு குழந்தை. போன வருடம் தனது சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றாள். நான் ஒரே சொல்லில் மாட்டேன் என்றேன். பிள்ளைக்குக் கொடுப்பதுதான் தகப்பன் முறை, பிள்ளையிடம் வாங்குவதா? மனைவியும் அழுதாள்.

மகள் அழவில்லை. "அப்பா, பன்னிரண்டு வயதில உங்கட வருத்தத்தை என்னட்டத் தந்து ஒளிச்சு வைச்சிருக்கச் சொன்னனீங்கள். நான் வைச்சிருந்தனான். இப்ப நான் ஒண்டு தாறன் எண்டா ஏன் வாங்கமாட்டன் எண்டுறியள்?" என்றாள்.

எனக்கு உடனே தண்ணீர் குடிக்க வேண்டும் போல் இருந்தது. அன்றைய போத்தல் முடிந்துவிட்டது. சும்மா இருந்தேன்.

இப்போது பரிசோதனைகள் நடக்கின்றன. தகப்பனுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் அவளுக்கும் வரக்கூடுமா என்று நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். ஒரு சிறுநீரகத்தோடு வாழலாம், இன்னொரு பிள்ளையும் பெறலாம், ஆனால் கர்ப்பகாலத்தில் பிறசர் கூடும் சாத்தியம் சற்றே அதிகம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். யாரும் நெருக்குகிறார்களா என்று அவளைத் தனியே வைத்தும் கேட்பார்கள். எனக்குப் பொருந்தாவிட்டாலும், இதேபோல் பொருந்தாத இன்னொரு சோடியோடு மாற்றிக்கொள்ளும் திட்டமும் உண்டு. அவளுடைய உடம்புக்குக் கெடுதல் என்று ஒரு டொக்டர் சொன்னாலும் நான் மெசினோடேயே இருப்பேன். ஆனால் முடிவை அவளுக்குப் பதிலாக நான் எடுக்கமாட்டேன், அவளுக்குத் தெரியாமல் எதையும் மறைக்கவும் மாட்டேன்.

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தில் 2020 தொடக்கம், மறுப்புத் தெரிவிக்காத வளர்ந்தவர்கள் இறந்தபின் உறுப்புத் தானத்துக்குச் சம்மதம் என்றே சட்டம் கருதுகிறது. ஆனாலும் வீட்டாரைக் கேட்பார்கள். வீட்டார் மறுத்தால் பெரும்பாலும் நடக்காது. அந்த நேரம் அழுதுகொண்டு நிற்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் உங்கள் விருப்பம் தெரிந்திருக்க வேண்டாமா? விருப்பமோ விருப்பமில்லையோ, அது உங்கள் உரிமை. வாயால் சொல்லி வையுங்கோ.

நான் இன்று உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. வீட்டுக்குப் போய் ஒரு ஆளிடமாவது, உங்களுக்கு என்ன வருத்தம், என்ன குளிசை எடுக்கிறீர்கள், கடைசியாக எப்போது சலம் சோதித்தீர்கள் என்று சொல்லுங்கோ. பிள்ளைகளே, அப்பா அம்மா சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கோ. யாராவது உங்களிடம் "அம்மாவிட்ட சொல்லிப்போடாதை" என்றால், அன்றைக்கே போய்ச் சொல்லிப்போடுங்கோ.

உங்கள் எல்லோருக்கும் இந்தப் புதிய வருடம் நோய்நொடி இல்லாத வருடமாக அமைய வேண்டும் என்று வேண்டி விடைபெறுகிறேன். இடைவேளையில் யாருக்காவது என்னோடு தனியே கதைக்க வேண்டுமென்றால், பின்வரிசையில் மனைவியோடும் மகளோடும் இருப்பேன். தேத்தண்ணி கொண்டு வராமல் வாருங்கோ.